ட்ரம்முக்குச் சுற்றிய பஞ்சு

என் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த எவர்சில்வர் தண்ணீர் ட்ரம்மில்தான் என் கணவன் ஃபெலிக்ஸ் பீர் காய்ச்சினான். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த ட்ரம்மை நினைத்து எனக்கு இருந்த ஆத்திரத்தில்தான் மற்ற எதையும் நான் கவனிக்காமல் விட்டேன்.

இரண்டு வருஷம் அமெரிக்காவில், மினியாபொலிஸில், கம்பெனி அனுப்பிய ஆன்சைட் வேலையில் இருந்துவிட்டு 2007-ல் ஹைதராபாத் திரும்பியவன், எல்லோரையும் போல சாக்லேட்டும் சென்ட்டும் வாங்கி வரவில்லை. ஒரு நீளத் தெர்மாமீட்டரையும் பத்து ஈஸ்ட் பாக்கெட்டையும் கொண்டு வந்தான். முளைகட்டி உடைத்த பார்லியை வெந்நீரில் கொட்டி ஒரு மணி நேரம் அறுபத்தேழு டிகிரியில் வைத்திருக்க வேண்டுமாம். எங்கள் ட்ரம்மில் இருபதே நிமிஷத்தில் அது அறுபதுக்கு இறங்கிவிடும். உடனே ஃபெலிக்ஸ் இழவு விழுந்த மாதிரி உட்கார்ந்துவிடுவான்.

காசு கொடுத்து எதையும் வாங்கமாட்டான். குப்பையிலிருந்து செய்தால்தான் அது எஞ்சினியரிங்காம். முதலில் ஆபீஸில் மானிட்டர் வந்த பெட்டிகளின் தெர்மாகோலைக் கொண்டு வந்து ட்ரம்மைச் சுற்றி அடுக்கினான். வீடு முழுக்க வெள்ளை உருண்டைகள் உருண்டன. அடுத்து நான் போர்த்திக்கொள்கிற ரஜாயைச் சுற்றினான். பார்லித் தண்ணீர் வழிந்து அதில் எறும்பு மொய்த்தது. மூன்றாவதாக, மல்லாபூரில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் பழைய பாய்லரை உடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஸ்கூட்டரில் போனான். பழைய இரும்பு எடுக்கிறவர் ஒரு சாக்கு நிறைய வெள்ளைப் பஞ்சை ஓசியிலேயே கொடுத்து அனுப்பினார். தகடு தகடாக, தொட்டால் மெத்தென்று இருந்தது. அதை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டுக்கம்பியால் இறுக்கினான். ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு டிகிரிதான் குறைந்தது. பிள்ளை பிறந்ததைக் காட்டுவது போல என்னைக் கூப்பிட்டுத் தெர்மாமீட்டரைக் காட்டினான்.

நாங்கள் குடியிருந்தது திருமுல்கேரியில், பத்மநாபன் அங்கிளின் மாடிப் போர்ஷனில். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம். வீடு கொடுக்கும்போது அவர் போட்ட ஒரே கண்டிஷன், வீட்டுக்குள் குடி கூடாது என்பதுதான். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், அவரும் தங்கம் ஆன்ட்டியும் கோயிலுக்குப் போயிருக்கும் நேரத்தில், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஃபெலிக்ஸ் காய்ச்சுவான். வாசனை வெளியே போய்விடுமோ என்று நான்தான் பயந்து செத்துக்கொண்டிருப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு வந்த ஞாயிறும் அப்படித்தான். உள்ளே அவன் காய்ச்ச, ஹாலில் நானும் எங்கள் ஐந்து வயது மகள் ஹர்ஷிதாவும் குடில் வைத்துக்கொண்டிருந்தோம். நான் திண்டுக்கல்லில் வருஷா வருஷம் கொலு வைத்து வளர்ந்தவள். ஃபெலிக்ஸைக் கட்டிக்கொண்ட பிறகு குடில் என் பொறுப்பாகிவிட்டது. கொலுவுக்குப் பார்க் கட்டுகிற அதே வெறியோடு, கையில் கிடைத்ததை வைத்தெல்லாம் கட்டுவேன். கண்ணாடித் துண்டு குளமாகும். முளைவிட்ட கடுகு வயலாகும். அந்த வருஷம் பனிமலை வைத்தேன். கடையில் வாங்கிய பஞ்சு பாதி மலைக்குக்கூடப் போதவில்லை.

பால்கனியில் அந்தச் சாக்கு இருந்தது, பாதிக்கு மேல் மிச்சத்தோடு. நான்தான் போய் எடுத்தேன். இத்தனை நாள் குப்பை குப்பை என்று திட்டியதற்கு ஒரு உபயோகமாவது ஆகட்டும் என்று நினைத்தேன். தகட்டைக் கையாலேயே பிய்த்து, உதிர்த்து, மலை மேல் தூவினேன். ஹர்ஷிதா ஒரு கை நிறைய அள்ளி மேலே வீசினாள். அது பஞ்சை விட அழகாக, மெதுவாக இறங்கியது. அவளுக்காக நானே ஃபேனைப் போட்டேன். "மம்மி, ஔர் ஸ்னோ" என்று அவள் கேட்கக் கேட்க, இன்னும் பிய்த்துக் கொடுத்தேன்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. மார்கழி மாதம் என்பதால் கோயிலில் சீக்கிரமே பூஜை முடிந்துவிட்டதாம். பத்மநாபன் அங்கிள் தொன்னையில் பொங்கலோடு நின்றார். நான் சட்டென்று போய்ச் சமையலறைக் கதவை மறைத்துக்கொண்டேன். பார்லி வாசனை ஹால் வரைக்கும் வந்திருந்தது. எனக்கு அது மட்டும்தான் மூக்கில் இருந்தது.

அவர் குடிலைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். பாதியில் சிரிப்பு நின்றது. குனிந்து, பனியில் ஒரு துளியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தார். பிறகு நேரே சுவிட்ச் போர்டுக்குப் போய் ஃபேனை நிறுத்தினார்.

"இது எங்கேர்ந்தும்மா?"

கடையில் வாங்கினேன் என்றேன். எந்தக் கடை என்று கேட்டார். வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னேன்.

"கடையிலே இது விக்காதும்மா. நிஜம் சொல்லு."

நிஜத்தைச் சொன்னால் ட்ரம்மைச் சொல்ல வேண்டும். ட்ரம்மைச் சொன்னால் வீடு போகும், பக்கத்திலேயே கிடைத்த ஸ்கூலும் போகும். அதைக் கணக்குப் போட்டுக்கொண்டு நான் எத்தனை நொடி நின்றேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஹர்ஷிதாவின் கண் இமையில் ஒரு வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பீர், ட்ரம், மல்லாபூர் பாய்லர் எல்லாம்.

"ஆஸ்பெஸ்டாஸ்" என்றார். "கல்நார். சர்வீஸ் பூரா நான் பாய்லருக்குச் சுத்தினது இதைத்தான். என் கைக்குத் தெரியும். மூச்சிலே போனா நுரையீரல்லேயே தங்கிடும்."

நான் துடைப்பத்தை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "நக்கோம்மா. பெருக்கினா பறக்கும். தண்ணி கொண்டா. கொழந்தையை மொதல்ல வெளியே அனுப்பு."

தங்கம் ஆன்ட்டியைக் குரல் கொடுத்து வரவழைத்து ஹர்ஷிதாவைக் கீழே அனுப்பினேன். சமையலறைக் கதவைத் தள்ளினேன். ஃபெலிக்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்து தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதே பஞ்சு சுற்றிய ட்ரம்மில் முழங்கை ஊன்றியிருந்தது.

"கதவைச் சாத்து ரோகிணி, சூடு போயிடும். இன்னும் இருபது நிமிஷம்தான்."

அவனுக்கு எதுவும் தெரியாது. அது எனக்குப் புரிந்துதான் இருந்தது. இருந்தாலும் அந்த இருபது நிமிஷத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அங்கிருந்த தண்ணீர் வாளியைத் தூக்கி முழுசாக ட்ரம் மேல் கொட்டினேன். பஞ்சு ஊறிப் பிதுங்கியது, பார்லித் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. கத்தப் போனவன் எனக்குப் பின்னால் நின்ற அங்கிளைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

மதியம் வரை முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு துடைத்தோம். அங்கிள் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் நனைத்து, ஒற்றி எடுத்து, பாலிதீன் கவரில் போட்டு, அதை இன்னொரு கவரில் போட்டு இறுக்கிக் கட்டினோம். குடில், திரைச்சீலை, ஹர்ஷிதாவின் கவுன், என் அம்மாவின் ட்ரம் எல்லாம் போயிற்று. அவளை மூன்று தடவை குளிப்பாட்டினேன். அப்படியும் மனசு ஆறாமல் இடுப்பு வரை இருந்த அவள் முடியைக் கத்தரித்தேன். அவள் அழவே இல்லை, நான்தான் அழுதேன்.

லேபில் கொடுத்த துண்டு கல்நார்தான் என்று ஜனவரியில் ரிப்போர்ட் வந்தது. ஹர்ஷிதாவின் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். ஒரு தடவை, அதுவும் இவ்வளவு கொஞ்ச நேரம் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள் என்றார். அப்படி ஏதாவது ஆனால்? ஆனாலும் இருபது, முப்பது வருஷம் கழித்துத்தான் தெரியும் என்றார்.

அங்கிள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லவில்லை. பீர் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹர்ஷிதாவுக்கு இருமல் வந்தால் நான் பைத்தியம் பிடித்த மாதிரி கீழே ஓடுவேன். அவர் தன் நெஞ்சில் தட்டிக் காட்டுவார். "என்னைப் பாரும்மா. முப்பது வருஷம் தின்னிருக்கேன் அதை. எனக்கு என்ன ஆச்சு? இவ இருபது நிமிஷம்தானே?" என்பார். எனக்கு வேறு எந்த மருந்தும் அந்த அளவுக்கு வேலை செய்யவில்லை. அவர் எங்களுக்கும் சேர்த்து வாங்கிய காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறி வருவதைப் பார்ப்பேன். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன்.

இந்த வருஷம், 2013 தொடக்கத்தில், அவர் படி ஏறுவதை நிறுத்தினார். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தார்கள். நுரையீரலில்தான் என்ற செய்தி கேட்டு நானும் ஹர்ஷிதாவும் கீழே போனோம். அவளுக்கு இப்போது பதினொன்று. நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவரே ஆரம்பித்தார்.

"பீடிம்மா. சின்ன வயசிலே கொஞ்சமா நஞ்சமா பிடிச்சேன்? அதான் இப்போ பிடிச்சுக்கிச்சு. அந்தப் பஞ்சுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லே."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு இழுத்தார். நான் அப்படியே நம்பினேன். அவர் இந்த நிலையில் இருக்கும்போது எனக்குள் ஒரு சந்தோஷம்கூட எழுந்தது, வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுந்தது. தங்கம் ஆன்ட்டிக்குக் கூடமாட உதவலாம் என்று சமையலறைக்குப் போனேன். பீடியை எப்போது விட்டார் என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். "பீடியா? யாரு, இவரா? கல்யாணமாகி நாப்பத்தோரு வருஷம். வாசல்லே யாராவது சிகரெட் பிடிச்சாலே சண்டைக்குப் போற ஆளு" என்றாள்.

நான் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். ஹர்ஷிதா கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்கூலில் நடந்த எதையோ பாதி தெலுங்கிலும் பாதி இங்கிலீஷிலும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். ஆன்ட்டி சொல்லிவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. குழந்தையைக் கண்ணால் காட்டி, வேண்டாம் என்பது போல லேசாகத் தலையசைத்தார்.

கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தேன். "இனிமேலாவது அந்தப் பீடியைத் தொடாதீங்க அங்கிள்" என்றேன்.

"தொட மாட்டேம்மா" என்றார்.