ஈரலில் வெள்ளைப் புள்ளிகள்

ஜியான் காஃப்லிஷுக்கு இரைப்பையில் புற்று. மலைமேல் ஆளேற்றும் கம்பிவண்டியைப் பழுதுபார்க்கும் வேலை அவருக்கு; ஐம்பதைத் தாண்டியவர். சுவிட்சர்லாந்தில், கூர் நகரத்து ஆஸ்பத்திரியில், இரைப்பையை எடுப்பதற்காக வயிற்றைத் திறந்த சர்ஜன் பேயாட், ஈரலைப் பார்த்ததும் கையை நிறுத்திவிட்டான். மேலெல்லாம் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள்.

புற்று ஈரலுக்குப் பரவியிருந்தால் இரைப்பையை எடுத்துப் பயனில்லை. தைத்து அனுப்பிவிட வேண்டியதுதான். ஒரு புள்ளியை வெட்டிக் கீழ்த்தளத்தில் எனக்கு அனுப்பினான். திசுவைப் பார்த்து நோய் சொல்வது என் வேலை. துண்டை உறையவைத்துச் சீவிச் சாயமேற்றுவதற்குள் போன் அடித்தது.

"பரவிடுச்சு, இல்ல? அவர் மனைவிகிட்ட சொல்லச் சொல்லி ஆள் அனுப்பிட்டேன்."

"அதுக்குள்ளயா? நான் இன்னும் கண்ணையே வைக்கலையே!"

"எத்தனை வருஷமா ஈரல் பாக்கறேன், உர்சினா."

"நீ மேலாப்புல பாக்கற. இன்னொரு துண்டு அனுப்பு."

மைக்ராஸ்கோப்பில், நார்த் திசுவுக்கு நடுவே கோணல்மாணலாகப் பித்தக் குழாய்கள். சிலவற்றில் பித்தம் தேங்கியிருந்தது. முதல் பார்வைக்குப் புற்றேதான். ஆனால் செல்கள் ஒரே அளவில் சாதுவாக இருந்தன. பிரிந்து பெருகுவது ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இரண்டாவது துண்டிலும் அப்படியே. தாயின் வயிற்றில் ஈரல் உருவாகும்போதே சரியாக அமையாமல் போன குழாய்கள் அவை. இருந்தும் வாயைத் திறக்கத் தயக்கம். நான் தவறினால், சாகப்போகிறவரை வீணாக அறுத்த பழி. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

"புற்று இல்ல, பேயாட். பிறவியிலேயே வந்தது. மேல செய்."

"நிச்சயமா?"

"நிச்சயமாத்தான் சொல்றேன்."

இரைப்பையை எடுத்து முடித்ததும், ஜியானின் மனைவி லடீனாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனான். நானும் கூடப் போனேன்.

"உசுரோட இருக்கறவருக்கு என்னை ஒப்பாரி வைக்க விட்டீங்களே, டாக்டர்! அவரோட அண்ணனுக்கு வேற போன் பண்ணி அழுதுட்டேன். இப்ப மாத்திச் சொன்னா என்னைத்தான் பைத்தியம்பாரு."



அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் ஜியான், லடீனாவோடு என்னைத் தேடி வந்தார். இளைத்துப்போனதில் சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது.

"அந்தப் புள்ளிங்க பின்னால புற்றா மாறுமா?"

"ரொம்ப அபூர்வமா, சில பேருக்கு அப்படி ஆகியிருக்கு. ஆகவே ஆகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

"அப்ப எல்லாத்தையும் வழிச்சு எடுத்துடுங்க."

"எடுத்தா ஈரலே மிஞ்சாது, ஐயா."

"வயிறுதான் போச்சு, அதையாவது விட்டு வைங்க," என்றார் லடீனா கணவரிடம். "புற்று திரும்புதான்னு ஸ்கேன் எடுக்கறப்ப ஈரலையும் எட்டிப் பாத்தா ஆச்சு."

அப்படித்தான் பார்த்து வருகிறார்கள். சில ஆண்டுகள் ஓடிவிட்டன, புள்ளிகள் வளரவில்லை. ஜியான் மலைக்கு வேலைக்குப் போகிறார், கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடுகிறார். ஸ்கேன் எடுக்கும் வாரத்தில் மட்டும் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம்.