இன்னும் அஞ்சு

லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவர் வீடோ மூன்றாவது மாடி. இதைச் சொல்லிச் சொல்லியே அவரோடு வேலை பார்ப்பவர்கள் வருடக்கணக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மனைவியின் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு அவரும் மனைவியும் மகளும் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சிக்னலில் பச்சை விழுந்தது. இவர் வண்டியை நகர்த்தினார். குறுக்கே வந்த வேன் நிற்கவில்லை. அதற்கப்புறம் அவருக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் ஆஸ்பத்திரிக் கூரைதான். அவருக்கு வலது தொடை எலும்பும் இடது கணுக்காலும் முறிந்திருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு இரண்டு மணிக்கட்டும். பின் சீட்டில் இருந்த பதினோரு வயது மகளுக்குத் தாடை. நசுங்கிய காரைப் பார்த்தவர்கள், உள்ளே இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை நம்பவே இல்லை.

மகளுக்கு வீட்டில் 'ரேடியோ' என்று பெயர். பல்லோடு பல் சேர்த்துக் கம்பி கட்டியிருக்கிறது, ஆறு வாரத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, "ஆறு வாரமா!" என்று அப்பாவும் அம்மாவும் ஒரே குரலில் கேட்டார்கள். அது கவலையா ஆச்சரியமா என்று மகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நோட்டை இழுத்து எழுதினாள்: 'ரொம்ப சந்தோஷப்படாதீங்க.'

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கூட வேலை பார்க்கும் நாலு பேர் வந்து மெக்கானிக்கை நாற்காலியோடு தூக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, அவர்களில் மூத்தவர் மூக்கால் அறிவித்தார்: "முதல் தளம். கதவு திறக்கிறது. தயவுசெய்து எடையைக் குறைக்கவும்."

"மெதுவாடா, படுபாவிகளா," என்று மெக்கானிக் சிரித்தார். சிரித்ததில் தொடை வலித்தது. வலித்ததில் இன்னும் சிரித்தார்.

பகலில் மனைவியின் அக்கா வந்து துணி துவைத்து, எல்லோரையும் குளிக்கவைத்துவிட்டுப் போவாள். மற்ற வேலையெல்லாம் இவர்கள் தலையில். அம்மாவுக்கு நடக்க முடியும், ஆனால் இரண்டு கையிலும் முழங்கை வரை மாவுக்கட்டு. அப்பாவுக்குக் கை சரியாக இருந்தது, ஆனால் சக்கர நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. அவர் மடியில் பலகையை வைத்துக் காய் நறுக்குவார். அவள் அடுப்புப் பக்கத்தில் நின்று மோவாயால் கட்டளை போடுவாள்.

"அது இல்லங்க, அந்த டப்பா. அதுக்குப் பின்னாடி. ஐயோ, அது சோப்புத்தூள்!"

"நீ மோவாயை ஒரு பக்கம் காட்டுற, கண்ணை ஒரு பக்கம் காட்டுற. நான் எதைப் பாக்குறது?"

சமைத்ததையெல்லாம் மிக்ஸியில் அரைத்து, உறிஞ்சுகுழல் போட்டு மகளுக்குக் கொடுத்தார்கள். ஒன்பதாவது நாள் அவள் நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'மறுபடியும் பச்சைக் கூழா?'

கஷ்டம் அம்மாவுக்குத்தான் அதிகம். அவள் முடி திருத்தும் கடை வைத்திருந்தாள். காலை முதல் மாலை வரை கத்தரிக்கோலோடு இருந்த கை. இப்போது தன் தலையைக்கூடப் புருஷன்தான் சீவிவிட வேண்டியிருந்தது. அவர் கிரீஸ் போட்ட சங்கிலியைப் பிடிக்கிற மாதிரி முடியைப் பிடிப்பார். கண்ணாடியில் பார்த்தால் வகிடு பாம்பு மாதிரி போயிருக்கும். "பரவாயில்லங்க," என்பாள். கட்டுப் பிரித்த அன்றைக்குத்தான் தைரியம் போயிற்று. கை குச்சியாக இளைத்திருந்தது. வாசற்கதவுச் சாவியைத் திருப்பக்கூட முடியவில்லை. கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள்.

அதே வாரம் மகளின் கம்பியை எடுத்தார்கள். ஒரு விரல் அளவுக்குத்தான் வாய் திறந்தது. தட்டையான மரக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்து, தினம் ஒரு குச்சி கூட்ட வேண்டும் என்றார்கள். அந்த ஒரு விரல் இடைவெளியிலேயே ஆறு வாரப் பேச்சும் கொட்டித் தீர்ந்தது.

அப்புறம்தான் பிசியோதெரபி அம்மாள் வந்தார். குள்ளமான உருவம். வாரத்தில் மூன்று நாள் படியேறி வருவார். யார் எந்தப் பயிற்சியைச் செய்து முடித்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "இன்னும் அஞ்சு." மகள் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டாள்.

அவருக்கே தண்ணி காட்டியவர் மெக்கானிக். காலை ஊன்றி நிற்கலாம் என்று டாக்டர் சொல்லிப் பத்து நாளாகியும் மனிதர் எழுந்திருக்கவில்லை. இன்றைக்கு இடுப்பு பிடித்திருக்கிறது, நாளைக்குத் தலை சுற்றுகிறது என்று தினம் ஒரு சாக்கு.

"பயமா இருக்கா சார்?" என்று இன்னும் அஞ்சு நேராகவே கேட்டார்.

மெக்கானிக் தன் தொடையைத் தட்டிக் காட்டினார். "நான் பாத்து சரிபார்க்காத எந்த லிஃப்ட் பெட்டியிலயும் கால் வச்சதில்லம்மா. உள்ள என்ன இருக்கு, எதுல தொங்குதுன்னே தெரியாம நில்லுன்னா எப்படி நிக்கிறது?"

"எக்ஸ்ரே எங்க இருக்கு?"

மகள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். இன்னும் அஞ்சு அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மெக்கானிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தொடைக்குள் நீளமாக ஒரு கம்பி. மேலே ஒரு ஸ்க்ரூ, கீழே இரண்டு.

"இது எதுல செஞ்சது?"

"டைட்டானியம்."

"ஸ்க்ரூ தளராதா?"

"முறிஞ்ச இடத்தைப் பாருங்க. வெள்ளையாப் படர்ந்திருக்குல்ல? அது புது எலும்பு. ஸ்க்ரூ கைவிட்டாலும் அது விடாது."

அவர் கால் மணி நேரம் அதைப் பார்த்தார். விரலால் அளந்தார். கடைசியில், "வேலை சுத்தமாத்தான் இருக்கு," என்று சான்றிதழ் கொடுத்தார். வாக்கரைப் பிடித்தார். எழுந்தார். கால் வெடவெடவென்று நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, ஆனால் நின்றார். மனைவி இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டாள். இன்னும் அஞ்சு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லோருக்கும் தெரியும் அடுத்து என்ன வரும் என்று.

"இன்னும் அஞ்சு செகண்ட் சார்!" என்று மகள் முந்திக்கொண்டாள்.

மனைவிக்கு ரப்பர் பந்து, துணி கிளிப், ஈரத்துண்டு பிழிவது என்று பயிற்சி நடந்தது. ஐந்தாம் மாதம் ஒரு நாள் அவள் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க முடியைப் பாக்குறப்பல்லாம் என் கை துடிக்குது. யாரு வெட்டினது இதை?"

"நானேதான்."

"தெரியுது."

இன்னும் அஞ்சு ரப்பர்பேண்டை உருவினார். "வெட்டுங்க."

"விளையாடாதீங்க. கை நடுங்கும்."

"கோணலாப் போனா வளரும். வெட்டுங்க."

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் மூன்று முறை கத்தரியைக் கீழே வைத்து விரலை உதறிக்கொண்டாள். ஒரு காதுப் பக்கம் அரை அங்குலம் ஏறிப்போய், மறுபக்கத்தையும் அதற்குச் சரியாக்க வேண்டியிருந்தது. முடித்ததும் இன்னும் அஞ்சு கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனை நாளா நான் இவ்ளோ அழகா?" என்றார். அம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள்.

ஏழாம் மாதம் கடைசிப் பரிசோதனை. ஐம்பத்திரண்டு படியையும் மெக்கானிக் கைப்பிடியைத் தொட்டும் தொடாமலும் இறங்கினார். தெருமுனையில் திரும்பும்போதே நிறுத்தத்தில் பஸ் நிற்பது தெரிந்தது. கதவு மூடப்போகிற நேரம்.

"பஸ்ஸு!" என்று மகள் கத்தினாள்.

மூன்று பேரும் ஓடினார்கள். அம்மா கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டே ஓடினாள். மெக்கானிக் சற்றுச் சாய்ந்து சாய்ந்து, ஆனால் யாருக்கும் பின்தங்காமல் ஓடினார். ஏறி உட்கார்ந்து இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான், மூச்சு வாங்க, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"என்னங்க, நீங்க ஓடினீங்க," என்றாள் அம்மா.

"நீ மட்டும் என்ன, கம்பியை எந்தக் கையால பிடிச்சிருக்க பாரு."

அவள் பார்த்தாள். மோசமாக முறிந்த வலது கை, முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

டாக்டர் படங்களை எல்லாம் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "பிரமாதம். ஒண்ணே ஒண்ணு. இன்னும் ரெண்டு மாசத்துக்கு ஓட மட்டும் வேண்டாம்."

"சரிங்க டாக்டர்," என்றார் மெக்கானிக், தரையைப் பார்த்துக்கொண்டு.

மகள் வாயைத் திறந்தாள். இப்போது அது முழுசாகவே திறந்தது. அம்மா தன் கையால் அதைப் பொத்தி, கதவு வரைக்கும் எடுக்கவே இல்லை.