மேஸ்திரி மூடிய கதவுகள்

மேஸ்திரி எந்தக் கதவை மூடினாலும் உள்ளேயிருந்து ஏணி என்று தெரு கூப்பிட்ட நெட்டையனின் குரல் "இருக்கேன் அண்ணே" என்றது. ஏணியை அடக்கம் செய்த மறுவாரம், மேஸ்திரி வீட்டுக் குளியலறையில்தான் அது முதலில் கேட்டது. பிறகு துணி அலமாரியில், கோழிக்கூட்டில், ஒருமுறை மைத்துனரின் காரில். மைத்துனர் அன்றோடு அவர் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

ஐஸ் ஃபேக்டரியை நம்பிப் பிழைத்த தெரு அது. குளிர் அறைக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. அதனால் மூடுகிறவர் "உள்ளே யாரு?" என்று மூன்று தரம் கத்திவிட்டுத்தான் மூட வேண்டும், ஆள் இருந்தால் "இருக்கேன்" என்று பதில் வரும். பழக்கதோஷத்தில் வீட்டுக் கழிவறைக் கதவைத் தள்ளும்போதுகூட அப்படிக் கத்துகிறவர்கள் அங்கே உண்டு. ஏணி செத்த அன்றைக்கு, ஃபேக்டரி மேஸ்திரியான அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. எல்லோரும் போயாயிற்று என்று நினைத்துக் கத்தாமலே மூடிவிட்டார். மேல் அடுக்கில் ஐஸ் பாளங்களைச் சரிசெய்துகொண்டிருந்த நெட்டையன் ஏணி, காலையில் கதவோரம் உட்கார்ந்தபடி விறைத்திருந்தான்.

விசாரித்தவர்களிடம் மேஸ்திரி, கத்தினேன், பதில் இல்லை, குடித்துவிட்டுத் தூங்கியிருப்பான் என்றார். ஏணி குடிக்காதவன் என்று தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் மேஸ்திரி எல்லோர் வீட்டு நல்லது கெட்டதுக்கும் முன்னால் நிற்கிறவர் என்பதால் அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். குரல் கேட்க ஆரம்பித்ததும், செத்த பிறகும் அந்தக் குடிகாரன் நல்ல மனுஷனைப் படுத்துகிறானே என்று மேஸ்திரிக்காகப் பரிதாபப்பட்டார்கள். ஏணியின் மனைவி வந்தால் குழாயடியில் பேச்சு நின்றுவிடும். மேஸ்திரி கதவு மூடுவதையே விட்டுவிட்டார். வருடங்கள் ஓடின. அவர் வீட்டுக்குள் மழை வந்தது, நாய் வந்தது, திருடன்கூட ஒருமுறை வந்து சலித்துப்போய்த் திரும்பினான்.

ஏணியின் மகன் வளர்ந்து ஃபேக்டரியில் வேலை கேட்டு வந்தான். குடிகாரன் பிள்ளையை நம்பி எப்படி உள்ளே விடுவது என்று நாலு பேர் சொன்னார்கள். மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பையன் எந்த ஊருக்கு என்று தாயிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டான்.

பையன் போய்விட்ட சேதி வந்த அன்று, ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில், மேஸ்திரி ஏணியின் மனைவியை ஃபேக்டரி வாசலுக்கு அழைத்துவந்து எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"அவன் குடிக்கலம்மா. நான்தான் கத்தல. தொண்டை வலின்னு கத்தாம மூடிட்டேன். அப்புறம் பொய் சொன்னேன்."

தெரிந்தும் பேசாதிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் அழவில்லை.

"எம்புள்ள இங்க இருக்கும்போது சொல்லியிருக்கலாமே" என்றாள்.

மேஸ்திரி அப்படியே நடந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். தண்டனை முடிந்து நரைத்துப்போய்த் திரும்பினார். குரல் மட்டும் நிற்கவில்லை. சிறையிலும் கதவுப் பக்கம் அவரை விடமாட்டார்களாம்.

தெருவே கேட்ட அந்தக் குரலை ஏணியின் மனைவி ஒருநாளும் கேட்டதில்லை. அதைக் கேட்க அவளை யாரும் கூப்பிட்டதில்லை. மேஸ்திரி திரும்பிய அன்று அவர் வாசலில் வந்து நின்றாள்.

"உங்கள மன்னிச்சிட்டேன்னு நினைக்காதீங்க. எங்க வீட்டுக் கதவை மூடணும். வாங்க."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவர் போகிறார். அவள் விளக்கைப் போட்டு உள்ளே உட்கார்ந்த பிறகு வெளியே நின்று கதவைச் சாத்துகிறார். அவள் திறக்கச் சொல்கிறாள், மறுபடி சாத்தச் சொல்கிறாள். மழை என்றாலும், முழங்கால் வலி என்றாலும், போதும் என்று அவள் சொல்லும்வரை வெளியே நிற்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் ரேடியோவைக் குறைத்து வைத்துக்கொள்கிறார்கள்.