உருண்டை முனை

சுமதிநாதன் ஐந்து மணிக்கு எழுந்தான். கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் சேந்தினான். வெள்ளைத் துணியில் வடிகட்டினான். துணியை அலசிய தண்ணீரைத் திரும்பக் கிணற்றிலேயே இறக்கினான். அதில் ஏதாவது உயிர் ஒட்டியிருந்தால் பிழைத்துப் போகட்டும் என்பது ஜைனர் வீட்டு வழக்கம். பல் துலக்கினான். கொட்டகைக்குப் போய்க் குதிரையைத் துடைத்தான். பிரஷ் அதற்கு ஆகாது. சோப்பு, கயிறு, புது வார், கொசுக்கடி எதுவும் ஆகாது. பட்ட இடம் தடித்து மூன்று நாள் கிடக்கும். ஆகவே பழைய வேட்டித் துணி. கழுத்து, விலா, வயிறு. இருபது நிமிடம். பிறகு காப்பி.

குதிரை அவன் மனைவி ஜெயமாலாவுடையது. கல்யாணமாகி வல்லத்திலிருந்து வந்தபோது அவளோடு வந்தது. அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. குதிரை இருக்கிறது.

அன்று காப்பி ஆறுவதற்குள் பெரியப்பா குணபாலன் வந்துவிட்டார். கையில் சிவப்புத் துணி முடிச்சு. பிரித்தால் ஒரு ஜோடி குதிமுள். செருப்பின் குதியில் மாட்டி, குதிரையின் விலாவில் குத்தி ஓட்டுகிற இரும்பு. முனையில் எட்டுப் பல் வைத்த சிறு சக்கரம்.

தேர்த் திருவிழாவில் தேருக்கு முன்னால் குதிரை மேல் கொடி பிடித்துப் போவது அந்தக் குடும்பத்தின் உரிமை. பெரியப்பாவின் குதிரை தை மாதம் செத்துவிட்டது. இந்த வருடம் சுமதிநாதன் இந்தக் குதிரையில் போக வேண்டும். வழியில் முரண்டு பிடித்தால் உரிமை, போட்டிக்கு நிற்கும் சம்பவநாதன் வீட்டுக்குப் போய்விடும்.

"மேளத்துக்கு மெரளும். ரெண்டு குத்து குத்தினா நடக்கும்" என்றார்.

"அதும் தோலு தாங்காது பெரிப்பா."

"குதிரைக்கு இன்னாடா தோலு, எறும்பு கடிச்ச கொழந்த மாதிரி."

"கெணத்துப் பூச்சிக்கு வழி விடறோம். இத மட்டும் குத்தலாமா?"

"அது தர்மம், இது முறை. குதிமுள்ளு இல்லாத காலுக்குக் கொடி தரமாட்டேன்."

"மாட்டறேன். எத மாட்டறதுன்னு நான் பாத்துக்கறேன்."

செஞ்சிக் கடைத்தெருவில் செல்லப்பன் ஆசாரியின் பட்டறை. அவர் மூன்று ஜோடி எடுத்துப் போட்டார். ஒன்று பல்லை அராவி மழுக்கிய சக்கரம். ஒன்று குச்சி முனை. ஒன்றில் முனைக்குப் பதில் சுண்டைக்காய் அளவுக்கு இரும்பு உருண்டை.

சுமதிநாதன் சட்டைக் கையைச் சுருட்டினான். முழங்கைக்கு உட்புறம், தோல் மெல்லிசான இடத்தில், ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். சக்கரம் சிவப்புக் கோடு இழுத்தது. குச்சி முனை குழி விட்டது. உருண்டை பதிந்த இடம் வெளுத்து, உடனே பழையபடி ஆனது. மறுபடியும் முதலிலிருந்து அழுத்தினான்.

"பொண்டாட்டிக்கு வளையல் வாங்கறவன்கூட இவ்ளோ நேரம் பாக்கமாட்டான், நைனாரே" என்ற ஆசாரி சட்டென்று துருத்தியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவ ரெண்டே நிமிஷத்துல எடுத்துடுவா. இந்த உருண்டையக் குடுங்க."

"இத மாட்டினா நீங்க மேல இருக்கறதே குதிரைக்குத் தெரியாது."

"தெரிய வேணாம்."

தேரன்று பெரியப்பா குனிந்து அவன் கால்களைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கொடியைக் கொடுத்தார்.

கடைத்தெரு முனை வரை குதிரை ஒழுங்காக நடந்தது. அங்கே மேளம் உச்சத்துக்கு ஏறியது. குதிரை நின்றுவிட்டது. சுமதிநாதன் குதியால் ஒரு முறை தொட்டான். அசையவில்லை. இரண்டாம் முறை தொடவில்லை. பின்னால் வடம் தொய்ந்து தேர் நின்றது.

பெரியப்பா சிவப்பு முடிச்சோடு ஓடி வந்தார். "இந்தா, இத மாட்டு."

"வேணாம்."

"தேரு நிக்குதுடா."

"நிக்கட்டும்." அவன் மேளக்காரரைப் பார்த்தான். "ராஜாங்கம், மேளத்த நிறுத்துப்பா."

ராஜாங்கம் பெரியப்பாவைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். குச்சியை இடுப்பில் செருகினார். "நல்லதாப் போச்சு. தோளு கழண்டு போவுது."

சத்தம் அடங்கியது. குதிரையின் காதுகள் முன்னுக்கு வந்தன. நடந்தது. கடைத்தெரு முழுக்கத் தேர் மேளமில்லாமல் போனது.

"சாவு வூட்டுக்குக்கூட மேளம் உண்டுய்யா" என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். சுமதிநாதன் கொடியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தான்.

அடுத்த வருடம் கொடி சம்பவநாதன் வீட்டுக்கு என்று சாயங்காலமே முடிவாகிவிட்டது. பெரியப்பா கொட்டகைக்கு வந்தபோது அவன் குதிரையின் விலாவைத் தடவிக்கொண்டிருந்தான். எங்கும் தடிப்பு இல்லை.

"மூணு தலமுற மானம் போச்சு" என்றார். "ஜெயமாலா கண்ண மூடறப்ப இன்னா சொன்னா? இந்தக் குடும்பத்துப் பேரக் காப்பாத்துங்கன்னுதான? அவ பேச்சுக்காவது ஒரு மதிப்பு வேணாமா?"

ஊரில் எட்டு மாதமாக அப்படித்தான் பேச்சு. யார் கட்டிவிட்டதோ தெரியாது. துக்கம் கேட்க வந்தவர்கள் அவனிடமே அதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் ஒருவரையும் மறுத்ததில்லை.

"பக்கத்துல இருந்தது நான் ஒருத்தன்தான், பெரிப்பா. இனிமே யாரும் அவ பேர்ல எதுவும் சொல்லாதீங்க. அவ கடைசியா சொன்னது இதுதான்: 'கஞ்சில உப்பே இல்ல. எனக்கு வேணாம், எடுத்துட்டுப் போங்க.'"