விட்டத்தின் உயரம்

பந்து மேலே போய்க்கொண்டே இருக்கும் கனவு அந்தக் குளிர்காலம் முழுவதும் எனக்கு வந்தது. கீழே சயாத் இரண்டு கைகளையும் தூக்கியபடி நிற்பான். பந்து சின்னதாகி, வெள்ளைப் புள்ளியாகி, பிறகு அதுவும் இல்லாமல் போகும். அவன் கைகளை இறக்கவே மாட்டான். விழித்துப் பார்த்தால், பக்கத்தில் படுத்திருப்பவனின் கைகள் போர்வைக்கு வெளியே விரல்கள் விரிந்து, எதையோ வாங்கக் காத்திருப்பதுபோலக் கிடக்கும்.

சயாத் என் கணவன். அக்கூ கைப்பந்து அணியின் செட்டர். பந்தை ஓங்கி அடித்துக் கைதட்டல் வாங்குகிறவன் அல்ல, அடிப்பவனுக்கு அதை எடுத்துக் கொடுப்பவன். அக்கூ என்றால் அன்னம். பால்காஷ் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் சிறிய ஊரின் பெயர் செய்தியில் வருகிறதென்றால் அது அந்த அன்னத்தால்தான்.

அணி பிறந்தது மீன் தொழிற்சாலையின் வலைக்கொட்டகையில். மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளில், உலர்த்திய வலைகளை ஓரமாக ஒதுக்கி, கிழிந்த மீன்வலை ஒன்றைக் குறுக்கே கட்டித் தொழிலாளர்கள் ஆட ஆரம்பித்தார்களாம். தொழிற்சாலை மூடிய பிறகும், ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமாகப் புகையில் வாட்டிய மீன் கிடைத்த வருடங்களிலும், ஆட்டம் நிற்கவில்லை. கொட்டகைக்குப் பலகைத் தரை வந்தது, பிறகு கேலரி வந்தது, வெந்நீர்க் குழாய்கள் வந்தன. கூரை மட்டும் மாறவில்லை. அதன் குறுக்கே ஓடிய மரவிட்டம், போட்டி விதி கேட்கும் உயரத்தை மயிரிழையில் தொட்டுக்கொண்டு நின்றது.

பந்து விட்டத்தில் பட்டால் புள்ளி போய்விடும். அதனால் எங்கள் ஆட்கள் பந்தை மேலே விடாமல் ஆடக் கற்றார்கள். தாழ்வாக, வேகமாக, வலையின் விளிம்பை உரசுவதுபோல. வெளியூர் அணிகள் வந்து வழக்கம்போல உயரத் தூக்கும்போது பந்து டொக்கென்று விட்டத்தில் மோதும். கேலரி முழுவதும் ஒரே குரலில், "தின்னுடுச்சு" என்று சொல்லும். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாக. ஐந்து முறை நாட்டின் சாம்பியன், ஆசிய அளவில் ஒரு வெண்கலம் எல்லாம் அந்தத் தாழ்ந்த கூரை கொடுத்தவை. மற்ற ஊர் அரங்கங்களிலும் அவர்கள் விட்டத்தைத் தலைக்குள் வைத்துக்கொண்டே ஆடினார்கள். எதிரணியின் தடுப்புக் கைகள் எழும்புவதற்குள் பந்து கடந்துபோயிருக்கும். திரும்பி வந்து, வாரம் முழுவதும் அதன் அடியில் பயிற்சி செய்து, அளவைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

இலையுதிர் காலத்தில் கொட்டகையை இடித்துவிட்டார்கள். அணி புதிய விளையாட்டு மாளிகைக்குப் போனது. அங்கே கூரை எங்கே இருக்கிறது என்று கழுத்தை வளைத்துத் தேட வேண்டும்.

ஏப்ரல் வந்தபோது அக்கூ இறுதிப் போட்டிக்கு எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. அதுவரை நடந்த இறுதி ஆட்டங்களில் இரு அணிகளும் சமநிலையில். கடைசி ஆட்டம் சனிக்கிழமை, எங்கள் ஊரில். அதற்கு முந்தின ஞாயிறு பயிற்சியாளர் தோக்கேயும் நடு வரிசை ஆட்டக்காரன் சன்ஜாரும் டீ குடிக்க வந்தார்கள். தெமிர்போலத் என்ற பெயரை மரியாதையோடு சுருக்கி அவரை எல்லோரும் தோக்கே என்போம்.

"ரவ்ஷான், உன் டீ எப்பவும் ஒரே பதம்மா. உன் புருஷன் பந்துதான் தண்ணியாயிடுச்சு" என்றார் அவர்.

"பந்து சரியாத்தானே போகுது தோக்கே?" என்றான் சயாத்.

"போகுது. ஆற அமரப் போகுது. எதிராளிங்க ரெண்டு பேரும் குசலம் விசாரிச்சுட்டு வந்து பிளாக் போடறாங்க."

"நான் மேல போயி காத்திருக்கேன் ஜெங்கே" என்றான் சன்ஜார். இளைய ஆட்டக்காரர்களுக்கு நான் ஜெங்கே, அண்ணி. "கீழ வந்து இறங்கினப்புறம் பந்து வருது. அதுக்குள்ள தாடி மொளைச்சுடும்போல."

"அது மொளைக்கலைன்னுதான் உங்கம்மா கவலைப்படறாங்க" என்றேன்.

சயாத்தும் சிரித்தான். ஆனால் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். கிளம்பும்போது தோக்கே வாசலில் பூட்ஸ் மாட்டியபடி, அவனைப் பார்க்காமல் சொன்னார்.

"சனிக்கிழமை ஜெயிச்சா இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நானே சண்டை போட்டு ஒப்பந்தம் வாங்கித் தர்றேன். தோத்தா என்னால வாயைத் திறக்க முடியாது. கிளப்காரங்க உன் வயசைத்தான் பார்ப்பாங்க."

நான் சொல்லாத ஒன்று அப்போது எனக்குள் இருந்தது. தூரத்துப் பெருநகரமான ஆல்மாட்டியில் ஒரு பொம்மலாட்ட அரங்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஊர்க் கலையரங்கில் திரைச்சீலை வரைகிற வேலை என்னுடையது. அங்கே எல்லா நாடகங்களுக்கும் மேடை அமைக்கும் பொறுப்பு. கடைசி ஆட்டம் முடிந்து வரும் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். சயாத் தோற்றால் இந்த ஊரில் எங்களைப் பிடித்துவைக்க எதுவும் இருக்காது. இருவரும் சேர்ந்து ரயிலேறலாம். அவன் தோல்வியை நான் வேண்டிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த எண்ணம் வரும்போது அதை விரட்டவும் இல்லை. ஜன்னலில் வந்து உட்கார்ந்த பறவையைப் போல, அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை பயிற்சியைப் பார்க்கப் போனேன். கேலரியில் சாய்ந்து, பந்தைப் பார்க்காமல் பந்துக்கு மேலே இருந்த வெறுமையைப் பார்த்தேன். கொட்டகையில் சயாத் கூரையை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. ஆனாலும் அவன் விட்ட பந்து விட்டத்துக்கு வெகு கீழேயே மனம் மாறித் திரும்பிவிடும். இங்கே அதற்கு யாரும் 'போதும்' என்று சொல்லவில்லை. மேடைக்கு மேலே குறுக்கே தொங்கும் சின்னத் திரையைக் கழற்றிவிட்டால், நடிகர்கள் காரணம் தெரியாமல் குரலை உயர்த்துவார்கள். பல முறை பார்த்திருக்கிறேன். இதுவும் அதுதான். ஒவ்வொரு வாரமும் ஒரு விரல்கடை உயரம் கூடியிருக்கிறது. அவன் கைகளுக்கு அது தெரியவில்லை.

சொல்லிவிடலாமா? சொன்னால் அவன் கை யோசிக்க ஆரம்பித்துவிடும். யோசிக்கிற கையால் எதையும் எடுத்துக் கொடுக்க முடியாது. இது உண்மைதான். ஆனால் நான் வாய் திறக்காததற்கு இது மட்டும்தான் காரணமா என்று என்னை நானே கேட்டுக்கொள்ள அப்போது எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் மாளிகையின் நிர்வாகி செரிக்போல் என்னை அழைத்தார். ஐந்து சாம்பியன் வருடங்களுக்கும் வெண்கலத்துக்கும் நான் வரைந்த துணிப் பதாகைகள் கொட்டகையில் இடமில்லாமல் சுருட்டியே கிடந்தவை. அவற்றை இறுதி ஆட்டத்துக்குத் தொங்கவிட வேண்டும் என்றார். இரண்டு பக்கக் கேலரிகளுக்கும் மேலே கம்பிகள் தயாராக இருந்தன.

"கூரையை ஒட்டி ஏத்திடலாம்னு பார்க்கறேன். அன்னம் வானத்துல பறக்கற மாதிரி இருக்கும். என்ன சொல்றீங்க?"

வெளியே ஏரியில் பனிக்கட்டி விரிசல் விடும் சத்தம் கேட்டது. தூரத்தில் யாரோ மிகப் பெரிய துணி ஒன்றை மெதுவாகக் கிழிப்பதுபோல. 'ஆமாம், நல்லா இருக்கும்' என்று சொன்னால் போதும். யாரும் எதுவும் அறியப்போவதில்லை. நான் எந்தத் தவறும் செய்திருக்கமாட்டேன். ஆல்மாட்டி ரயிலில் நான் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். எதிரே சயாத், மடியில் கைகளை வைத்துக்கொண்டு. அந்தக் கைகளை வழியெல்லாம் நான் பார்த்துக்கொண்டு போகவேண்டும். அவை ஏன் சும்மா கிடக்கின்றன என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் ஆடுகளத்தில் இறங்கி, வலையருகே சயாத் நிற்கும் இடத்தில் நின்றேன். அவன் எந்தப் பக்கம் பார்ப்பானோ அந்தப் பக்கம் பார்த்தேன்.

"கீழ இறக்குங்க" என்றேன்.

"எவ்வளவு?"

"இறக்கிட்டே வாங்க. நான் சொல்றேன்."

கம்பி கிறீச்சிட்டது. பதாகைகள் ஒன்றாக இறங்கின. நான் கண்ணை மூடிக் கொட்டகையை நினைத்தேன். கண்ணைத் திறந்தேன். "இன்னும். இன்னும் கொஞ்சம். நிறுத்துங்க."

"இவ்வளவு தாழ்வாவா? மேல் வரிசைல இருக்கறவங்களுக்கு ஆட்டம் தெரியாது ரவ்ஷான். வருஷம்தான் தெரியும்."

"வருஷத்தைப் பார்க்கட்டும். வரைஞ்சவளுக்கும் கொஞ்சம் பெருமை வேண்டாமா?"

"என்னைத்தானே திட்டுவாங்க" என்று முணுமுணுத்தபடி அவர் கம்பியைக் கட்டினார். எதிர்ப்பக்கத்துப் பதாகைகளையும் அதே அளவுக்கு இறக்கினோம்.

சனிக்கிழமை மதியம் அரங்கம் நிறைந்துவிட்டது. மேல் வரிசையில் ஒருவர் எழுந்து நின்று பதாகைக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதல் செட்டை இழந்தோம். சயாத் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. பந்து பழையபடியே மிதந்தது. நான் கணக்கில் தவறிவிட்டேனோ என்று தோன்றியது; தோன்றியபோது வயிற்றில் ஓர் இதம் பரவியது. வெட்கமாக இருந்தது.

இரண்டாவது செட்டின் நடுவில் ஏதோ மாறியது. எப்போது என்று என்னால் சொல்ல முடியாது. தூக்கம் வரும் கணத்தை யாரால் சொல்ல முடியும்? சன்ஜார் எழும்பினான், பந்து ஏற்கெனவே அங்கே இருந்தது. அவன் முகத்தில் பரிசு கிடைத்த திகைப்பு. அடுத்ததும் அப்படியே வந்தது. சயாத்தின் மணிக்கட்டுகள் தளர்ந்திருந்தன. பந்து கேலரியின் முதல் பதாகைக்குக் கீழே, யாரோ அங்கே அதற்கு ஒரு கோடு போட்டுவைத்ததுபோல, தாழ்வாகத் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது. செட்டை எடுத்தோம், அடுத்ததையும் எடுத்தோம்.

நான்காவதில், எதிரணிக்காரர் ஒருவர் கையில் பட்ட பந்து சிதறி மேலே பறந்து, எங்கள் முதல் சாம்பியன் வருடத்தின் அடிவிளிம்பில் மோதி, துணியில் ஒரு கணம் சுருண்டு, கீழே விழுந்தது. பிறகு அரங்கம் முழுவதும், அந்த மாளிகையில் முதல் முறையாக, ஒரே குரலில் சொன்னது.

"தின்னுடுச்சு."

சயாத் நிமிர்ந்து பார்த்தான். அதற்குப் பிறகு ஆட்டம் நீண்ட நேரம் நடக்கவில்லை. அந்தச் செட்டும் எங்களுக்கு.

கூட்டம் கலைந்த பிறகு அவன் ஆடுகளத்தின் நடுவில் மல்லாந்து கிடந்தான். கழுத்தில் மெடல். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இதைக் கட்டினது யாரு?" என்றான் பதாகைகளைப் பார்த்தபடி.

"செரிக்போல்."

"அவருக்குத் தன் பெல்ட்டையே சரியான உயரத்துல கட்டத் தெரியாது."

நான் அவன் மெடல் நாடாவின் முறுக்கைச் சரிசெய்தேன்.

"ஆல்மாட்டிக்கு என்ன சொன்ன?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சமையலறைல போன் பேசினா அடுத்த ரூம்ல கேக்கும் ரவ்ஷான். நம்ம வீடு என்ன அரண்மனையா?" பதாகையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "நான் தோத்திருந்தா சேர்ந்து போயிருக்கலாம்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தோத்துட்டு வந்தா வழியெல்லாம் புலம்புவ. ரயில் ரொம்ப மெதுவாப் போகும்."

அவன் சிரித்தான். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு என் குரல், நான் தயார் செய்துவைக்காத ஒன்றைச் சொன்னது.

"நான் போறேன் சயாத்."

அவன் தலையைத் திருப்பவில்லை. தூக்கத்தில் செய்வதுபோல இரண்டு கைகளையும் மெல்ல மேலே தூக்கினான். விரல்கள் விரிந்திருந்தன. அவற்றுக்கிடையே பதாகைகளில் எங்கள் ஐந்து சாம்பியன் வருடங்கள் அசைந்துகொண்டிருந்தன.

"இந்த வருஷத்து பேனரை யாரு வரைவா?"

"அங்கிருந்து வரைஞ்சு அனுப்பறேன்."

"எவ்வளவு உயரத்துல கட்டணும்னு செரிக்போல் கேட்பாரே."

"நீ நின்னு பார்த்துச் சொல்லு."

"சீசன் முடிஞ்சா வருவேன்" என்றான். "டீ பதமா இருக்கணும்."

நானும் அவன் பக்கத்தில் மல்லாந்து படுத்தேன். பலகைத் தரை இன்னும் சூடாக இருந்தது. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்கள். பதாகைகளுக்கு மேலே கூரை எங்கோ இருந்தது. அது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன்.