தலைசுற்றல் அட்டவணை

புஷ்பம் டீச்சருக்குத் தலை சுற்ற ஆரம்பித்து ஏழு வாரமாகிறது. அதைத் தன் வாயால் ஒரு டாக்டரிடம் சொல்ல அவளுக்கு இன்னும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. சொல்வதற்குத்தான் கணவர் லாசரஸ் இருக்கிறாரே! இன்ஷூரன்ஸ் ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். அடுத்தவர் கேஸை எடுத்துப் பேசுவது அவருக்குக் கைவந்த கலை.

கிழக்குத் தாம்பரம் டாக்டரிடம் "எல்லாம் டென்ஷன் டாக்டர்" என்றார். தூக்க மாத்திரை வந்தது. நரம்பு டாக்டரிடம் "சரியா சாப்பிடறதில்ல, எந்நேரமும் போன்" என்றார். ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. எலும்பு டாக்டரிடம் "கழுத்துலேர்ந்துதான் வருது" என்று தீர்ப்பையே சொல்லிவிட்டார். அந்த டாக்டரும் வேலை மிச்சம் என்று ஒரு கழுத்துப் பட்டையை மாட்டி அனுப்பினார்.

போன வாரம் எட்டாம் வகுப்பில் கரும்பலகையின் மேல்வரியை அண்ணாந்து பார்த்தவள், அப்படியே மேஜைமேல் சாய்ந்துவிட்டாள். "காரணம் தெரிஞ்சுக்கிட்டு வாங்க டீச்சர், அதுவரைக்கும் லீவுல இருங்க" என்றுவிட்டார் ஹெட்மிஸ்ட்ரஸ். அந்தக் காரணத்தில் பாதி புஷ்பத்துக்கே தெரியும். இடப்பக்கம் புரண்டால் சுற்றுகிறது, அண்ணாந்தால் சுற்றுகிறது, அரை நிமிஷத்தில் நின்றுவிடுகிறது. இதைக் கேட்கத்தான் நாதியில்லை.

வீட்டில் சொல்லவில்லையா என்றால், சொன்னாள். ஆனால் லாசரஸுக்குக் காது மந்தம். "கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோச்சுங்க" என்றால் "என்னது?" என்பார். "இடுப்பு வலிக்குதுங்க" என்றாலும் "என்னது?"தான். இருபத்தாறு வருஷமாக இதே கதை. பாவம், மனுஷன் என்ன செய்வார் என்று ஞாயிறுதோறும் சர்ச்சில் முழங்காலிட்டு அந்தக் காதுகளுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறாள்.

கடைசியில் குரோம்பேட்டையில் காது மூக்கு தொண்டை நிபுணர் திரிபுரசுந்தரியிடம் வந்து சேர்ந்தார்கள்.

"எப்பம்மா சுத்துது?" என்று டாக்டர் புஷ்பத்தைத்தான் கேட்டார்.

"தினம் காலையில ஆறேகால், சாயந்தரம் அஞ்சு" என்று லாசரஸ் ஓர் அட்டவணையை நீட்டினார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, சிவப்பு மையில் தலைப்பெல்லாம் எழுதியிருந்தார். இரண்டும் அவருக்குக் காபி வரவேண்டிய நேரம் என்பதைத் தவிர அதில் ஓர் உண்மையும் இல்லை.

"அவங்க சொல்லட்டும் சார்."

"சுத்த ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் ஆவுது டாக்டர்."

"சார், அவங்க சொல்லட்டும்."

"வயசாகுது இல்லையா, இந்த வயசுல லேடீஸுக்கு..."

மூன்றாம் தடவையும் சொல்லிப் பார்த்த டாக்டர் பேனாவை மூடினார். "சார், உங்க காதை எப்பவாவது டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா? மூணு வாட்டி சொன்னேன், விழுந்த மாதிரி தெரியல."

டெஸ்ட் என்றால் லாசரஸ் விடுவாரா? உற்சாகமாக எழுந்து போனார். உதவியாளர் பெண் அவரைச் சத்தம் புகாத கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கதவைச் சாத்தினாள். உள்ளே அவர் வாய் அசைந்துகொண்டேதான் இருந்தது. வெளியே ஒரு சொல்கூட வரவில்லை. அடேயப்பா, என்ன நிம்மதி!

"இப்ப சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர்.

புஷ்பத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். மொத்தமே மூன்று வாக்கியம்தான்.

டாக்டர் அவள் கழுத்துப் பட்டையைக் கழற்றி ஓரமாக வைத்தார். கட்டிலில் உட்காரவைத்து, தலையை இடப்பக்கம் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்தார். அறை கிறுகிறுவென்று சுற்றியது. "கண்ணை மூடாதீங்க... ஆங், இதேதான்." காதுக்குள் இருக்கும் பொடிப்பொடித் துகள்கள் இடம் மாறிப் போயிருக்கின்றனவாம், அவ்வளவுதான். தலையை மெல்ல மறுபக்கம் திருப்பி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, எழுப்பி உட்காரவைத்தார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி படுக்கவைத்துப் பார்த்தார். சுற்றவில்லை!

"திரும்ப வந்தாலும் வரும், வந்தா வாங்க, இதையே பண்ணிடலாம். மாத்திரை எதுவும் வேண்டாம். திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போங்க."

ஏழு வாரத்துச் சுமை இறங்கிய சந்தோஷத்தில் புஷ்பம் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் லாசரஸும் ரிப்போர்ட்டோடு வந்துவிட்டார். டாக்டர் அதைப் பார்த்தார்.

"உங்க காதுக்கு ஒண்ணுமே இல்ல சார். ஊசி விழுந்தாக்கூடக் கேட்கும்."

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது லாசரஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பார்த்தியா? ஊசி விழுந்தாக்கூட!"

புஷ்பம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை ஞாயிற்றுக்கிழமை முழங்கால் தேய்ந்தது நினைவுக்கு வந்தது.

"அப்போ இருபத்தாறு வருஷமா நான் சொன்னதெல்லாம் உங்களுக்குக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கு" என்றாள்.

"என்னது?" என்றார் லாசரஸ்.

புஷ்பம் அவர் கையிலிருந்த ரிப்போர்ட்டை வாங்கி, நாலாக மடித்து, தன் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.