அல்சீட்டின் இடது கை

நியூ ஆர்லியன்ஸ் தேவாலயங்களில் உள்ள அத்தனை புனிதர்கள் மீதும் ஆணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

ஒடீல் அம்மாளின் மதுக்கடையில் அல்சீட் எவ்வளவு உருகிப் பியானோ வாசித்தாலும் யாரும் ஆட எழுவதில்லை.

"இன்னைக்கும் ஒருத்தனும் எந்திரிக்கலேன்னா வேற கடையப் பாத்துக்கடா," என்று அவள் சொல்லிவிட்டாள்.

அன்று திங்கட்கிழமை. வாழைப்பழக் கப்பலில் வந்த கியூபா மாலுமி ஒருவன், சிவப்பு பீன்ஸும் சோறும் தின்றபடி கரண்டியால் பாட்டிலைத் தட்டினான். மூன்று தட்டு, ஒரு மூச்சு, இரண்டு தட்டு. அல்சீட்டின் வலது கை வழக்கமான புளூஸ் சோகப் பாட்டிலேயே அழுதுகொண்டிருக்க, இடது கை மாலுமியின் தாளத்தோடு போய்விட்டது.

சவப்பெட்டி செய்யும் தியோஃபில், அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து வாத்தியங்களோடு ஊர்வலம் திரும்பும்போது மட்டுமே ஆடுகிறவர். அவர் எழுந்துவிட்டார்.

"இன்னைக்கு யாரையும் பொதைக்கலயே, கால் ஏன்டா துள்ளுது?"

பிறகு கடையே ஆடியது. பீன்ஸ் பானையும் வாசல்வரை ஆடிப்போய்த் திரும்பியது.

"நீ இங்கயே இருடா. அந்தக் கைய மட்டும் திருத்திராத," என்றாள் ஒடீல்.

கை வீட்டிலும் அடங்கவில்லை. அதன்மேல் உட்கார்ந்துதான் அல்சீட் தூங்கினான்.

ஆணையிட்டபடி எல்லாம் உண்மைதான்; அந்தக் கடையில் பியானோ இருந்ததே இல்லை, அவ்வளவுதான்.